அடித்துவிட்ட சின்ன அலகுகள்

பரணில் சுத்தியலைத் தேடப் போய் வெர்னியர் கையில் சிக்கியது. குரோம்பேட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நான் போல்ட் அளந்த கருவி. இப்போது அதில் எண்ணெய் வாசனை இல்லை. டெட்டாலும் மீன் கவிச்சியும்தான். எல்லாம் உன் வேலை.

புயல் ஓய்ந்த மறுநாள் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் கோவளம் கிளம்பிவிடுவோமே. கரையில் செத்து ஒதுங்கிய ஆலா என்கிற கடற்பறவைகளின் அலகை நான் அளந்து சொல்ல, நீ அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாய். காதில் தப்பாக விழக் கூடாதென்று எங்கள் தொழிற்சாலையில் இருந்த பழக்கம் அது.

ஒருமுறை உன் நோட்டைச் சரிபார்க்கிறேன் பேர்வழியென்று, அளவு குறைந்ததையெல்லாம் கைத்தவறு என நினைத்துச் சிவப்பு மையால் அடித்துத் தள்ளினேன். உனக்கு உதவிய பெருமை வேறு. நீ தலையில் கைவைத்துக்கொண்டாய்.

“என்னங்க, ரிஜெக்ட் பண்ண இது என்ன போல்ட்டா? சின்ன அலகு முக்கால்வாசி பொம்பளைப் பறவைங்க. அதுங்களையே அடிச்சுட்டீங்களே!”

அன்றுதான் விளக்கினாய். தென்துருவத்தை ஒட்டிய கடலின் சில பெரிய பறவைகளில் ஆணும் பெண்ணும் இரை தேடி வேறு வேறு பக்கம் போகுமாம். மீன்பிடிக் கப்பல்கள் தூண்டில் கொக்கி போடும் பக்கம் பெண்தான் அதிகம் போய், கொக்கியில் இருப்பதை இரையென்று கொத்தி மாட்டி மூழ்கிவிடுமாம்.

“காத்து மாறுது, கடல் சூடாகுது. அதுவும் ரெண்டையும் ஒரே மாதிரி பாதிக்கிறதில்ல. நம்ம ஆலா எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த நோட்டே.”

“அப்ப ஆம்பளைக்கு யோகம்தான்” என்று சீண்டினேன்.

“என்ன யோகம்? ஜோடி வரும் வரும்னு கூட்டுலயே காத்துக்கிட்டு கிடக்கும்.”

நாளைக்குத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியே நாளைக் கடத்தினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கேட்டாய். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெர்னியர் கிடைத்த அன்றே உட்கார்ந்து, அடித்த வரிகளையெல்லாம் மறுபடி எழுதி முடித்தேன். வீட்டில் அதைக் காட்ட யாருமில்லை.

நேற்று புயல் ஓய்ந்ததும் தனியாகக் கோவளம் போனேன். ஒரே ஒரு ஆலா கிடந்தது. அலகு சின்னது. அளந்து, “முப்பத்தெட்டு” என்று சத்தமாகச் சொன்னேன்.

பிறகு, நீ திருப்பிச் சொல்வாயென்று பேனாவைத் திறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.