கேட்டுச் சொல்கிறேன்

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
6 அக்டோபர் 2024

அன்புள்ள ராஜராணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உமது முழங்கால் நோவு எப்படி? போனில் கேட்கலாம்தான். ஆனால் எடுத்தவுடன் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நாம் இருவரும் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு நவம்பர் 14 என்று நாள் வந்திருக்கிறது. பேரன் மாதவ் மத்தியானம் தூங்கும்போது படிக்கிறேன். முதலில் அரசியலமைப்பு, பிறகு அரசாங்கத்தின் மூன்று பிரிவுகள், கடைசியில் உரிமைகள். சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடைமுறைப்படுத்துவது ஜனாதிபதி, விளக்கம் சொல்வது நீதிமன்றம். ஒன்று மற்றதை மிஞ்சவிடாது. நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். படித்தது அந்த நேரத்தில் வாயில் வருமா என்பதுதான் என் சந்தேகம்.

முதலாவது திருத்தத்தில் பேச்சுரிமையோடு மனுக் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஊராரின் மனுக்களை வாங்கிப் பதிந்தவன் நான். எனக்கென்று ஒன்று எழுதியதில்லை.

நேர்காணல் முடியட்டும். நம் விஷயத்தை மகன் கஜனிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
பேரின்பநாதன்

*

ஆலன், டெக்ஸாஸ்
15 அக்டோபர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான்.

"நம் விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேர் சொல்லி எழுதவும் பயமா? நான் எழுதுகிறேன். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் இங்கே வந்தேன். மகனின் பிள்ளையைப் பார்க்க நீங்கள் அங்கே நின்றீர்கள். ஆறு மாதம் என்றார்கள். இது மூன்றாவது வருடம். இங்கே கோயிலில் காணும் பாதிப் பேர் இப்படித்தான். சோடிச் செருப்பை இரண்டு வீட்டு வாசலில் கழற்றி வைத்ததுபோல.

பவதாரணியிடம் நான் சொல்லிவிட்டேன். "அண்ணா ஓமெண்டால் அப்பா இஞ்ச வரட்டும், எனக்கென்ன" என்றாள். இனி உங்கள் பக்கம்தான். முன்பு மாதவ் நடக்கட்டும் என்றீர்கள். பிறகு பேசட்டும் என்றீர்கள். அவன் இப்போது உங்களைவிட நன்றாகப் பேசுகிறான்.

கோபமில்லை. இந்தத் தடவையும் முடியாவிட்டால் இனி நான் கேட்கமாட்டேன். இப்படியே பழகிக்கொள்வேன்.

மப்ளர் கட்டாமல் வெளியே போகவேண்டாம்.

ராஜராணி

*

மான்மவுத் ஜங்ஷன்
3 நவம்பர் 2024

அன்புள்ள ராஜராணிக்கு,

உமது கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பதில் எழுதத் தெரியாமல் பாடத்துக்கே போனேன்.

இப்போது சிவில் உரிமைப் போராட்டம் படிக்கிறேன். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள், தங்களுக்குப் பரிமாற மறுத்த உணவுக் கடைகளில் போய் உட்கார்ந்தார்களாம். சத்தமில்லை. எழும்பச் சொன்னாலும் எழும்பவில்லை. வெள்ளையர்கள் அவர்கள் மேலே சீனி கொட்டினார்கள், அடித்தார்கள், பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளின் துணிவில் கால்வாசி எனக்கில்லை. ஆனால் கஜனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழாத எனக்கு, பேசாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

சிரிக்கவேண்டாம்.

அன்புடன்,
பேரின்பநாதன்

*

மான்மவுத் ஜங்ஷன்
24 நவம்பர் 2024

அன்புள்ள ராஜராணிக்கு,

நேர்காணலில் தேறிய செய்தியைப் போனில் கேட்டிருப்பீர். போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

அதிகாரி மரியாதையான பெண். பாடக் கேள்விகளில் நான் தடுமாறவில்லை. பிறகு அவர், மனைவி டெக்ஸாஸில் இருக்கிறாரே, பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, பிள்ளைகளின் ஏற்பாடு என்றேன். உங்களுக்கு அது விருப்பமா என்றார். புத்தகத்தில் இல்லாத கேள்வி. "கேட்டுச் சொல்கிறேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். கார் வரும்வரை நான் வெட்கத்தோடு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்தும் மேசையை விட்டு நான் எழும்பவில்லை. கோப்பையும் கழுவவில்லை. மருமகள் தர்சனா தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். கஜன் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து கையில் கட்டினான். பிறகு சுகர் பார்க்க ஊசியை எடுத்தான். என்ன வேண்டும் என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவன் அவர்களுக்கு நோயாளிதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தம்பி, உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் அம்மாவோட இருக்கவேணும்" என்றேன்.

அவன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "நீங்கள் ரெண்டுபேரும் போன்ல கதைச்சாலே சண்டைதானேப்பா. தனித்தனியா இருந்தா நிம்மதியெண்டு நினைச்சன்."

"அது சண்டையில்லை. நாங்கள் கதைக்கிறதே அப்படித்தான்."

தர்சனாவின் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அலுவலகத்தில் லீவு இல்லை, டேகேர் எல்லாம் வெயிட்லிஸ்டில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கஜன் அலைந்து, ஜனவரியில் மாதவுக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறான். தர்சனா இந்த வாரம் முழுவதும் என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். நல்ல பிள்ளை. அது எனக்கு நோகிறது. ஆனாலும் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

டிசம்பரில் சத்தியப்பிரமாணம். புது வருடம் பிறந்ததும் வருகிறேன். எனக்கென்று தனி அறை ஒழுங்கு செய்யவேண்டாம் என்று பவதாரணியிடம் சொல்லும். உமது அலுமாரியில் ஒரு தட்டை மட்டும் காலியாக்கி வையும்.

அன்புடன்,
பேரின்பநாதன்