கடற்பக்கக் கிணறு

கொக்குவில்,
மாசி 11, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் லோஜனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகள் தாரிகாவும் அவள் வயிற்றில் இருக்கிற ஐந்து மாதச் சீவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. என் உடம்புக்குக் குறையில்லை, முழங்கால் நோவு வழக்கம்போல. உன் அம்மா சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். போனில் கதைத்தால் நான் சத்தம் போடுவேன், நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய், போன கிழமையும் அதுதானே நடந்தது. இதை எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணத்தின் மகள் தர்சிகா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். தாரிகாவுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது, ஆகையால் ஒரு சொல்லும் விடாமல் நீதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு. கோபம் முழுவதும் உன்மேல்தான், கொஞ்சம் என்மேலும்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் நீ அம்மாவுக்கு எடுத்த போனை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். நீங்கள் இருக்கிற மெல்பேணில் சீனச் சாஸ்திரம் பார்க்கிற ஃபெங் சுயி மாஸ்டர் எங்கள் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, கிணறு தென்மேற்கு மூலையில் இருக்கிறது, அது தாயின் மூலை, வயிற்றுக்குரிய மூலை, அங்கே பள்ளம் தோண்டித் தண்ணீர் நின்றால் அந்தக் குடும்பத்தில் கரு தங்காது என்று சொன்னாராம். ஆறாம் மாதம் பிறக்க முன்னர் மூடிவிட வேண்டுமாம். இவ்வளவையும் நீ நிதானமாகத்தான் சொன்னாய். கடைசியில், உந்தக் கிணறுதான் அம்மா எங்கடை ரண்டு பிள்ளையளையும் திண்டது என்றாயே, அதை நீ என்ன நினைத்துச் சொன்னாயோ தெரியாது. இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தரமும் வெறுங்கையோடு வந்தவன் நீ, உன் நெஞ்சு எரிந்திருக்கும், அது எனக்கு விளங்கும். ஆனால் போனைக் கையில் வைத்திருந்தது உன் அம்மா. அந்தக் கிணற்றுக்கு இடம் காட்டியதே அவள்தான் என்பது உனக்குத் தெரியாது. கலியாணம் முடித்து நாலாம் மாதம், ஆசாரியார் வளவில் வீட்டுக்கு இடம் குறித்து நிலையம் எடுத்து அளவு போட்டுவிட்டு, கிணற்றுக்கு இரண்டு இடம் குறித்து எது வசதி என்று கேட்டார். சமைக்கத் தண்ணி அள்ளக் குசினிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று அவள் போய்க் காலால் கோடு கீறிக் காட்டினாள். அத்திவாரத்துக்கு நாள்கல் வைத்த அன்றே கிணறும் வெட்டத் தொடங்கினோம். நாற்பது வருசமாக இந்த ஒழுங்கையில் உள்ள பாதி வீட்டுக்காரர் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

நீ போனை வைத்த பிறகு அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அழவும் இல்லை. அடுத்த நாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு செல்வரட்ணத்தின் வளவுக்குப் போய்த் தண்ணீர் அள்ளி வந்தாள். ஏனப்பா என்று நான் கேட்டதற்கு, எங்கடை தண்ணி எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்குதில்லை என்றாள். அன்று தொடங்கி இன்றுவரை எங்கள் கிணற்றில் ஒரு மிடறு குடிக்கவில்லை. தர்சிகாவின் குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து முப்பத்தொன்று செய்தார்கள், பலகாரம் சுட வா என்று நாலு தரம் கூப்பிட்டும் போகவில்லை, பச்சைப் பிள்ளையிலை என்ரை கண் படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். தர்சிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தபோது அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், மகன். ஊரில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதலில் தூக்கிக் குளிக்க வார்க்கிறவள் உன் அம்மா. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாரிகா பார்சலில் அனுப்பிய சாமான்களையும் அம்மா ஒன்று விடாமல் மாட்டினாள். காற்றுமணி விறாந்தையில், வாயில் காசு கவ்விய மூன்றுகால் தவளை சாமியறைக்குப் பக்கத்தில். எட்டு மூலைக் கண்ணாடியைத் தெருப் படலையில் கட்டினோம், அது செல்வரட்ணத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் இரண்டு நாள் பொறுத்துவிட்டு வந்து, உங்கடை வீட்டுக் கெடுதலை ஏனண்ணை எங்கடை படலைக்குத் திருப்பி விடுறியள் என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் தன் படலையில் ஒரு பூசணிக்காயையும் கட்டிவிட்டான். முப்பது வருசம் ஒரு வேலியில் இருந்தவர்கள், இப்போது கண்ணாடியும் பூசணிக்காயும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

நான் சாஸ்திரத்துக்கு எதிரானவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நாள் பார்க்காமல் இந்த வீட்டில் ஒரு கதவு நிலைகூட வைக்கவில்லை. அதனால்தான் தென்மேற்கில் கிணறு என்றதும் எனக்கே திக்கென்றது. எங்கள் ஆட்களும் அந்த மூலையைக் கன்னிமூலை என்று சொல்லி, அங்கே கிணறு கூடாது என்றுதானே சொல்வார்கள். சீனனும் எங்கள் ஆசாரியும் ஒன்றையே சொல்கிறார்கள், பிறகு நான் என்ன கதைக்க என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்று திசையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்த பிள்ளைகள் படம் கீறி அனுப்பியிருக்கிறார்கள், பிழை இருக்காது என்று நம்பிவிட்டேன். என்மேல் கோபம் என்று மேலே எழுதியது இதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கிணற்றை மூட அம்மா சொல்லிவிட்டபடி, குருநகர்ச் சந்தியோகு ட்ரக்டரில் மண் கொண்டு வந்தான். அவனுக்கு மனமில்லை, நல்ல தண்ணிக் கிணத்தை ஏனம்மா மூடுறியள் என்று இரண்டு தரம் கேட்டான். அம்மா, மண்ணைக் கடற்பக்கம் கொட்டு தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் கிணற்றடியில் மண் இல்லை, வீட்டுக்கு மற்றப் பக்கம், படலைக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. கடற்பக்கம் எண்டனான் எல்லோ என்று அம்மா ஏச, அவன் மண்வெட்டியைத் தெற்கே நீட்டி, கடல் உங்காலைதானே அம்மா, எங்கடை குருநகர்ப் பக்கம் என்றான். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. உன் அம்மா வல்வெட்டித்துறையில் பிறந்தவள், அங்கே கடல் வடக்கே, அதனால் அவளுக்கு வடக்கு என்ற சொல்லே கிடையாது, கடற்பக்கம்தான். கலியாணம் முடித்த புதிதில், கடற்பக்கக் கன்னத்திலை சோறு ஒட்டியிருக்கு என்று அவள் சொல்ல நான் இரண்டு கன்னத்தையும் துடைத்தேன். பிறகு பழகிவிட்டது. நீயும் அந்தச் சொல்லோடு வளர்ந்தவன்தானே. பாவம் சந்தியோகுவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவனுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

ஐந்தரை மணிபோல அம்மா குளித்து, குவியலில் இருந்து ஒரு கை மண்ணைச் செம்பில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தாரிகா அனுப்பிய செய்முறையைத் தர்சிகா தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறைகிற சூரியனைப் பார்த்தபடி, முதல் கை மண்ணை வீட்டுத் தாய் போட வேண்டும். அம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முன்னால் சூரியன் இல்லை, பின் வேலியும் தென்னையும்தான். திரும்பினாள். சூரியன் வீட்டுக் கூரைக்கு மேலே. சூரியனைப் பார்த்தால் வீட்டைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு முதுகைக் காட்டினால் சூரியனுக்கும் முதுகு. ஈரச்சேலையோடு மண்ணையும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் அப்படியும் இப்படியும் திரும்பினாள், பிறகு என்னைப் பார்த்து, நான் எந்தப் பக்கம் நிக்கிறது, எனக்கு உதுவும் சரியாச் செய்யத் தெரியேல்லை என்று சொல்லி அழத் தொடங்கினாள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான். எனக்கு அந்த இடத்தில்தான் சந்தியோகு மண்வெட்டியை நீட்டியது ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தர்சிகாவைக் கூப்பிட்டு, நீயும் தாரிகாவும் மாஸ்டருக்குக் காட்டி எங்களுக்கும் அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கச் சொன்னேன்.

படத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் தாரிகா ஆங்கிலத்தில் கடற்பக்கம் என்று எழுதியிருக்கிறாள். கிணறு எங்கே மாமி என்று அவள் போனில் கேட்டிருப்பாள், கடற்பக்க மூலையிலை பிள்ளை என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளை உலகப் படத்தைத் திறந்து கொக்குவிலுக்குக் கிட்டக் கடல் எங்கே என்று பார்த்திருக்கிறது. கிட்டக் கிடப்பது தென்மேற்குக் கடல்தானே. கடற்பக்கம் என்றால் தென்மேற்கு என்று வைத்துத் திசை காட்டும் அம்புக்குறியைப் போட்டுவிட்டாள். வீடு முழுவதும் தலைகீழாகிவிட்டது. நீ அந்தப் படத்தைப் பார்த்தபோது கடற்பக்கம் என்ற சொல்லை மட்டும் பார்த்து, சரிதானே என்று விட்டிருப்பாய், அம்புக்குறியைப் பார்த்திருக்க மாட்டாய். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் கிணறு இருப்பது வடகிழக்கு, ஈசானமூலை, கிணற்றுக்கு அதைவிட நல்ல மூலை எங்கள் சாஸ்திரத்தில் இல்லை.

இதை நான் அம்மாவுக்கு நிலத்தில் தடியால் கீறிக் காட்டினேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன், மகன். அப்ப ஏன் அந்த ரண்டு பிள்ளையளும் நிக்கேல்லை என்று கேட்டாள். கிணறு எண்டா மூடியிருப்பன், வேறை என்னத்தை நான் மூட என்றாள். சந்தியோகு மண்ணைத் திருப்பி ஏற்ற வந்தான், அம்மா விடவில்லை. பிழையோ சரியோ என்ரை பிள்ளை சொல்லட்டும், அவன்ரை வாயாலை வந்தது, அவன்ரை வாயாலைதான் போகவேணும் என்று சொல்லிவிட்டாள். குவியல் இன்னும் படலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தியோகு மறுபடி வருவான். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் மூடத்தான் போகிறாள், நான் தடுத்தாலும் நிற்க மாட்டாள். நேற்றும் செல்வரட்ணத்தின் கிணற்றில்தான் அள்ளினாள்.

நீ இப்போது செய்யப்போவது எனக்குத் தெரியும். படத்தைத் திருத்தி மாஸ்டருக்கு அனுப்புவாய். அவர் கிணறு நல்லது என்பார், பிறகு குசினியையோ படியையோ பிடிப்பார். அது உங்கள் விருப்பம், உங்கள் வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, தாரிகாவுக்கு அது மனத்தெம்பு என்றால் செய்யட்டும். ஆனால் அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது வடக்கு, தெற்கு, அம்புக்குறி ஒன்றும் கதைக்காதே. கிணறு சரியான மூலையில் இருப்பதால் பிழை உங்களில் இல்லை அம்மா என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால், நாளைக்கு இன்னொருவன் மூலை பிழை என்றதும் அவள் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். கிணறு எங்கே இருந்தாலும் சரி, அம்மா, அது உங்களாலை இல்லை என்று சொல். அவ்வளவுதான். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே, அவள் அழுவாள், அழுது முடியும்வரை போனைப் பிடித்துக்கொண்டிரு.

தாரிகாவிடமும் அதையே சொல். நாங்கள் இங்கே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அங்கே எத்தனை நாள் தன் வயிற்றைப் பார்த்துத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாளோ. படத்தில் பிழை விட்டதற்கு அழ விடாதே, அந்தச் சொல்லைத் திருத்த எனக்கே நாற்பது வருசம் போதவில்லை என்று சொல். மாத்திரையை நேரத்துக்குக் கொடு, பாரம் தூக்க விடாதே, வேலைக்கு நீயே காரில் கொண்டுபோய் விடு. மூன்று பேரையும் முருகன் காப்பான், நூறு வருசம் நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன், மறந்துவிடாதே.

உன் அன்பு அப்பா,
க. பரமலிங்கம்.

பி.கு: நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா தனக்காகவும் ஒரு வரி போடச் சொன்னாள். பிள்ளைத்தாச்சிக்குக் காத்து வேணும், கடற்பக்க யன்னலைத் திறந்து விட்டுப் படுக்கச் சொல்லுங்கோ என்றாள். வடக்கு யன்னல், மகன். இந்த முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.