ஊசி வலது பக்கம் சாஞ்சா பயப்படாதீங்க

அப்பா,

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. சோறு மூடி வச்சிருக்கேன், முட்டை மட்டும் பொரிச்சுக்கோங்க.

"என் டேஷ்போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது"ன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. ஆனாலும் வச்சுட்டேன். வண்டிக்குப் போற கரண்ட் முழுக்க டேஷ்போர்டுல சார்ஜ் காட்டுற அந்த ஆம்மீட்டர் வழியாத்தான் போய்ட்டிருந்துச்சு. பின்னாடி வயர் கருகிப் போயிருந்துச்சு, மாத்திட்டேன். அம்மா சொன்ன தீஞ்ச வாடை அதுதான். இனிமே அவங்க மூக்கு மேல பழி போடாதீங்க.

இப்ப உள்ள இருக்கிறது வோல்ட்மீட்டர், கரண்ட் முழுசும் இது வழியாப் போகாது. முகப்பும் ஊசியும் உங்க பழசேதான், துடைக்கக்கூட இல்ல.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வண்டி ஓடும்போது ஊசி இனிமே நடுவுல நிக்காது, வலது பக்கம் சாஞ்சே நிக்கும். அதுதான் சரி. சார்ஜ் அதிகமாப் போகுதுன்னு போன தடவை மாதிரி நடுரோட்டுல டைனமோ பெல்ட்டைக் கழட்டிடாதீங்க. ஊசி நடுவுக்கு இறங்கினாத்தான் சார்ஜ் ஆகலைன்னு அர்த்தம், அப்ப எனக்குப் போன் பண்ணுங்க.

திட்டுறதா இருந்தா நான் வேலை முடிஞ்சு வந்ததும் திட்டுங்க, வாங்கிக்கறேன்.

உங்க மூத்தவ

பி.கு. வாடைக்குப் பயந்து பஸ்ல போய்ட்டிருந்த அம்மா, இன்னைக்கு உங்களோட கார்ல வரேன்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் அவங்க ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. முன் சீட்ல இருக்கிற உங்க டூல் பெட்டியை டிக்கில போட்டுட்டுப் போங்க.