ஒட்டாமல் விட்ட ஒரு சட்டம்

கிள்ளிப்பாலம்,
திருவனந்தபுரம்,
12-3-1979

என் அன்பு மகள் லீலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் தங்கக்கட்டிப் பேரனும் அங்கே போபாலில் சுகமாயிருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் இதை எழுதுகிறேன். இங்கே லாரிக்குத்தான் கொஞ்ச நாளாய் மேலுக்குச் சுகமில்லை, வைத்தியம் பார்த்து இப்போது தேறி நடமாடுகிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், தொடங்கும் முன்னாலேயே சிரிப்பு வந்து கை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஈஸ்டருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், மனுஷன் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் எழுதியிருந்தாயே, கரண்டி கீழே விழுந்தாலே பிள்ளை திடுக்கிட்டு அழுகிறான், அப்பாவின் லாரிச் சத்தத்தைத் தாங்கமாட்டான், ஸ்டேஷனுக்கு ஒரு டாக்சி பிடித்து வையுங்கள் என்று, அதையும் நான் அதே வேகத்தில் சத்தமாக வாசித்துத் தொலைத்தேன், என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும் என்பது உனக்குத் தெரியாததா. அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய் லாரியின் கதவை ஒருதரம் திறந்து மூடினார், பாத்திரக்கடை சரிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அவ சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல கேட்டியா, ஆனா எனக்க பேரப்பிள்ள வாடகைக் காருல வந்து எறங்கினா பின்ன நான் என்னத்துக்கு வண்டி வச்சிருக்கேன்" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நீ வருவதற்குள் லாரி சத்தமில்லாமல் ஓட வேண்டும், இல்லையென்றால் டாக்சி என்று அப்போதே எங்களுக்குள் பேசி முடிவாயிற்று.

சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று உனக்கு விளங்கவேண்டுமே. டிரைவர் உட்காரும் கூண்டின் கூரையிலும் கதவுகளிலும் எஞ்சினை மூடுகிற முன்மூடியிலும் வெளித்தகடு ஆடாமல் நிற்க உள்பக்கம் இரும்புச் சட்டங்கள் வைத்திருக்கிறார்கள், சட்டத்தையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது ஒரு பசை, அந்தப் பசை வயதாகிப் பொடிந்து உதிர்ந்துவிட்டது. இப்போது தகடு தனி சட்டம் தனி, கோபித்துக்கொண்ட நாத்தனாரும் மதினியும்போல ஓயாமல் ஒன்றோடொன்று இடிக்கிறது. பொன்முடிக்குக் காய்கறி ஏற்றிப் போய்த் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கி வரும்போது, அப்பா ஹாரன் அடிக்காமலே வித்துரா சந்தையில் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள். வெல்டிங் வைத்தால் மெல்லிய தகடு வெந்து ஓட்டை விழும், ஆணி அடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், ஆகையால் பசைதான் வழி என்று அப்பா தீர்மானித்தார். எந்தப் பசை என்பதில்தான் எங்கள் தெருவே ரெண்டுபட்டது.

முதலில் எதிர்வீட்டு ஆசாரி வேலாயுதன் வந்து வச்சிரம் என்கிற மரப்பசையைக் காய்ச்சிக் கொடுத்தான், அந்த நாற்றத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தோடு மரம் என்றால் அது நன்றாகப் பிடிக்குமாம், இரும்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்தது தார். அப்பா ரோடு போடுகிறவர்களிடம் கேட்டு ஒரு டப்பா வாங்கிக் கூரைச் சட்டத்தில் அப்பினார், காலையில் கூண்டுக்குள் கோயில்போல அமைதி, மத்தியான வெயில் ஏறியதும் உருகிச் சொட்டுச் சொட்டாய் உன் அப்பாவின் வழுக்கையில் இறங்கிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார், பாஸ்டர் பக்கத்தில் வந்து தலைவலியா ஞானையா, ஜெபிக்கட்டுமா என்று விசாரித்தார், நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பிறகு பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் வந்தது, அது தண்ணீர்மாதிரி மெலிசு, சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளியை நிரப்ப அதற்குச் சதை இல்லை. கடைசியில் சாலைக் கம்போளத்துக் கடையிலிருந்து இரண்டு குழாயாக வருகிற பசை ஒன்று வாங்கி வந்தார், இரண்டிலும் சம அளவு பிதுக்கிக் கலந்து தடவினால் கல்லாய் இறுகுமாம். இறுகத்தான் செய்தது. மறுநாள் கதவுத் தகட்டை ஒரு தட்டுத் தட்டினார், இறுகின பசை அப்படியே முழுசாய், ஆடின பல் விழுகிறதுபோலக் கையோடு வந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார்.

நான்தான் பிடித்து நிறுத்தினேன், கடவுள் எனக்கும் கொஞ்சம் மூளை கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்தப் பசைத் துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், என் அடுக்களை வாசனை அடித்தது. உன் அப்பா சனிக்கிழமை தோறும் தனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மிச்சத்தை லாரிக்குத் தேய்க்கிறவர், துருப்பிடிக்காதாம், வருஷக்கணக்காய் நல்ல தேங்காயெண்ணெய் தகட்டின் உள்பக்கம், சட்டத்தின் இடுக்கு என்று எல்லா இடத்திலும் ஊறிக்கிடக்கிறது. அதுவும் போதாதென்று, ஒவ்வொரு பசை வைக்கும்போதும் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அதே எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வைத்திருக்கிறார். எண்ணெய் தேய்த்த தலையில் பிளாஸ்திரி ஒட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார், பிறகு இரண்டுபேரும் வாசற்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம், பக்கத்துவீட்டு ராகேல் என்னமோ ஏதோ என்று கைக்குழந்தையோடு ஓடிவந்துவிட்டாள்.

அப்புறம் வேலை ஒழுங்காக நடந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பெட்ரோல் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் வைத்து இரும்பு வெள்ளையாகச் சிரிக்கிறவரைக்கும் தேய்த்தார். சட்டம் கூண்டின் தூணோடு சேருகிற இடம் இரும்போடு இரும்பு நெருங்கி அசையாமல் நிற்க வேண்டியது, அங்கே அந்த இரட்டைக் குழாய்ப் பசை. தகடும் சட்டமும் சேருகிற இடத்தில் மட்டும் அது ஆகாது, வண்டி குலுங்கும்போது தகடு கொஞ்சம் மூச்சுவிட வேண்டுமாம், கல்லாய் இறுகினது விண்டுவிடுமாம், அதனால் பஸ் கூடு கட்டுகிறவர்கள் கண்ணாடி ஓரத்தில் வைக்கிற ரப்பர்மாதிரிக் கறுப்புப் பசையை இடைவெளி விட்டு விட்டுத் தடிமனாய் வைத்தார். அழுத்திப் பிழிந்துவிடாமல் பக்குவமாக அமர்த்தி, காய்கிறவரைக்கும் யாரும் லாரியைத் தொடக்கூடாது என்று கயிறு கட்டிக் காவல் உட்கார்ந்தார், நீ பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரி வாசலில் அவர் அப்படி உட்காரவில்லை. கறுப்புப் பசை தீர்ந்துபோனதால் முன்மூடியின் கீழ் ஒரே ஒரு சட்டம் மட்டும் ஒட்டாமல் நின்றது.

ராகேலின் தாய்வீடு வித்துராவில், குழந்தையோடு அங்கே போகவேண்டியிருந்தது, நாங்களே கொண்டுவிடுகிறோம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டோம், எங்கள் காரியம் எங்களுக்கு, கைக்குழந்தை லாரியைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமே. மகளே, என்ன சுகம் தெரியுமா. கதவு பேசவில்லை, கூரை பேசவில்லை, அப்பா ரகசியம் சொல்கிறவர்போல என் காதுப்பக்கம் குனிந்து, "பிள்ளே, நான் மூச்சு விடுகதுகூடக் கேக்குதுல்லா" என்றார். அவர் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். ஆனால் நெடுமங்காடு தாண்டியதும் ராகேலின் குழந்தை அழத் தொடங்கியது. பால் கொடுத்தாள், மடியில் ஆட்டினாள், நான் கீர்த்தனை பாடினேன், என் பாட்டுக்கு அது இன்னும் வீறிட்டது. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று, இவ்வளவு பாடுபட்டும் பேரன் இப்படித்தான் அழப்போகிறான் என்று நினைத்திருப்பார். அப்போதுதான் ஏற்றம் வந்தது, எஞ்சின் முக்கியது, முன்மூடியின் கீழே ஒட்டாத அந்த ஒரு சட்டம் டக டக டக என்று தாளம் போட ஆரம்பித்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது. தலையைச் சாய்த்துக் கேட்டது. ஏற்றம் முடிவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டது.

சத்தம் நின்றால் எழுந்துவிடும் என்று அப்பா ராகேலின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தவேயில்லை. அவள் அம்மா படியில் நின்று கையைக் காட்டக் காட்ட நாங்கள் பொன்முடி ரோட்டில் ஏறிவிட்டோம், வளைவுக்கு வளைவு ராகேல், "எந்தா மாமா இது, எனக்க வீடு பொறத்தால போகுது" என்று சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். குழந்தை எழுந்தபிறகு ராகேலை அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது அப்பா, "லீலாவும் பண்டு இந்தச் சத்தத்துலதான் ஒறங்குவா" என்று ஒரே வரி சொன்னார். எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

இப்போது அவருக்குப் புதுக் கவலை. அந்தச் சட்டத்தையும் ஒட்டிவிடலாமா, விட்டுவிடலாமா. புதுப் பசை வாங்கி வைத்தாயிற்று, காலையில் ஒட்டலாம் என்கிறார், மத்தியானம் வேண்டாம் என்கிறார், ஒட்டினால் ஒரு ராத்திரி முழுக்கக் காயவேண்டும், கடைசி நேரத்தில் முடியாது. நீ மட்டும் ரயிலில் ஜன்னல் பக்கம் பிள்ளையைப் படுக்கவைக்காதே, கண்ட இடத்தில் தண்ணீர் வாங்காமல் காய்ச்சி ஆறவைத்து எடுத்துக்கொள், மாப்பிள்ளை பேப்பர் வாங்குகிறேன் என்று பிளாட்பாரத்தில் இறங்கி நிற்கிற பழக்கத்தை விடச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் வழியெல்லாம் காத்து எங்கள் கையில் சேர்ப்பாராக. டாக்சி என்ற பேச்சு இனி வேண்டாம். என் பேரன் சத்தத்தில் தூங்குகிறவனா அமைதியில் தூங்குகிறவனா, வேறு எதை மறந்தாலும் அந்த ஒரு வரியை மறக்காமல் உடனே எழுது. உன் அப்பா பசை டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தபால்காரர் வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆயிரம் முத்தங்களோடு
உன் அம்மா,
செல்லபாய் ஞானையன்