உன் கட்டிலைப் பற்றிய அந்த ஜோக்

என் அருமைத் தம்பி குமாருக்கு,

நீ போன பிறகு இன்னொரு மழைக்காலமும் வந்துவிட்டது. கால்வாய்க்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் நம் சந்துக்குள் இந்த வருடம் முழங்கால் தண்ணீர்தான். அம்மா சாப்பிடுகிறாள், மாத்திரை போடத்தான் சண்டை.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான். "கடசியா எம்புள்ள இன்னா பேசினான்?" யாரும் சொல்லவில்லை. அன்று அவள் ஊரில் இல்லை; நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸில் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?

உன் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கம்பெனி வண்டியில் பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை செய்யும் நிர்மலா செல்போனைப் பார்த்துச் சிரித்தாள். தம்பி இறந்தது அவளுக்குத் தெரியும், எந்தத் தெருவில், எப்படி என்று தெரியாது. உரக்கப் படித்தாள்: "கட்டில் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். ஸ்ரீராம்புரத்தில் வாசலில் நின்றால் போதும், அதுவே வந்து சேரும்."

வெள்ளம் வந்த அந்த இரண்டு நாளும் டிவியில் நம் சந்துதான். வெள்ளத்தில் ஒரு கட்டில் மிதந்து போகும். உடனே ஒரு ஃபர்னிச்சர் கடை விளம்பரம், வீடு தேடி வந்து இலவசமாக இறக்குவார்களாம். மறுபடி கட்டில், மறுபடி விளம்பரம். தலைமாட்டில் நீ ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கரை வைத்துத்தான் அது உன் கட்டில் என்று கண்டுகொண்டேன்.

ஓசூர் ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். நிர்மலா பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். யார் அனுப்பியது என்று கேட்டேன். தன் வீட்டுக்காரர் என்றாள். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்துத்தானே இதை உண்டாக்கியிருக்க வேண்டும்? அவனை நாலு கேள்வி கேட்டு, கன்னத்தில் ஒன்று வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அவள் வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டேன். அவருக்குச் சொன்னது யார் தெரியுமா? அவர்களுக்கும் நமக்கும் கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கும் முரளி. உன் சிநேகிதன்தான். போய் நின்றேன்.

"அக்கா, அது நான் சொன்னதில்ல. குமாரு சொன்னது" என்றான்.

எப்போது, எங்கே என்று கேட்டேன்.

"தண்ணி ஏறினதும் எல்லாரும் யசோதம்மா மாடி வூட்டுக்குப் போயிட்டோம். ஜன்னல்ல எட்டிப் பாத்தா நம்ம சந்து தெரியும். ஆனா எல்லாரும் அதை டிவியிலதான் பாத்துக்கினு இருந்தோம். அவன் கட்டில் வந்துச்சு, ஒடனே அந்த விளம்பரம். இவன்தான் சொன்னான். யசோதம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சுக்கினாங்க. அப்புறம் வேற பேச்சே இல்ல, கீழ்வூட்டுத் தாத்தா மாத்திரைய எடுத்தார எறங்கினான். டிவி ஓடுதேன்னு சந்தோஷமா இருந்தோம்க்கா. தண்ணியிலயும் கரண்ட் இருக்கும்னு ஒருத்தனுக்கும் தோணல."

"அதை ஏன்டா ஊருக்கெல்லாம் சொன்னே?"

"அவன் சொன்னான்னுதான் சொன்னேன். ரெண்டு கை மாறினதும் பேரு வுட்டுப்போச்சு. அம்மாகிட்டதான் சொல்ல பயந்தோம்."

அப்புறம் நிறைய யோசித்தேன். ஒரே காட்சியை இருபது தடவை காட்டினால் எத்தனை தடவை மனசு பதறும்? நடுவில் சிரித்த முகத்தோடு ஒருவர் கட்டில் விற்கிறார். அந்த ஜோக்கில் பாதியைச் செய்தது அந்த டிவிதான், மீதியை நீ வாயால் சொன்னாய். இப்போதெல்லாம் எங்கே பூமி அதிர்ந்தாலும் மறுநாள் பேப்பருக்கு முன்னால் ஜோக் வந்துவிடுகிறது. அங்கேயும் ஒரு மாடியில் யாராவது நின்றுகொண்டு சொன்னதாக இருக்குமோ?

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுன் சித்தி வந்திருந்தாள். அம்மா அவளிடமும் அதையே கேட்டாள். தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா, "சொந்தக் கட்டிலு மெதக்குது, இவனுக்கு நக்கலு" என்றாள். சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அழுதாள் குமார், உன்னைத் தூக்கிப்போன அன்றுகூட அழாதவள்.

நாளைக்கு நிர்மலாவிடம் நானே போய்ப் பேசுகிறேன். இனி அந்த ஜோக் யாரிடமிருந்து வந்தாலும் உன் பெயரைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன், இது சத்தியம். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் கேள்வி கேட்பதில்லை. உட்கார வைத்து, "எம்புள்ள கடசியா இன்னா சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள்.

கீழே இறங்கினதற்காக உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் அக்கா