பின்னால் நிற்கிறவன்

மங்களம்,

உன் தம்பிக்குத் தேங்காய் உடைக்க நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய். நீ வரும்வரை நான் காத்திருக்க முடியாது. லாரியைக் கழுவ வேண்டும். இன்று முதல் உன் தம்பி ராக்கப்பன் டிரைவர், நான் அவனுக்குக் கிளீனர். முதலாளி நேற்றே சொல்லிவிட்டார்.

சாவி மாடக்குழியில் இருக்கிறது. சீலா மீன் குழம்பைப் பூனை தொடாதபடி மூடியிருக்கிறேன். அவன் சாப்பிட வருவான். நடுத்துண்டுகளை அவனுக்கே வை. எனக்கு என்றைக்காவது வைத்தாயா என்று கேட்கமாட்டேன்.

லைசென்ஸ் டெஸ்டில் நான் தோற்ற கதையை அவன் சொல்லச் சொல்ல, நீயும் சிரித்தாய். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதும், பழக்கத்தில் கதவைத் திறந்து குதித்து, வழி சொல்ல வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் கிளீனராக இருந்தவனுக்குக் கால் வேறு எங்கே போகும்? "மச்சான், ஸ்டீரிங்கை யாருகிட்டக் குடுத்துட்டு இறங்குனீக?" என்றான் உன் தம்பி.

அடுத்து அவன் ஏறினான். அதை மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். அவன் பின்னால் எடுத்தபோது வண்டி நேரே புளியமரத்தைப் பார்த்துத்தான் போனது. "ஒடிச்சு வா மாப்ளே! வரட்டும், வரட்டும்!" என்று கத்தியது நான்தான்.

கோயில் திருநீற்றை அவனிடம் கொடுத்துவிடு. எனக்கும் கொஞ்சம்.

இன்னொன்று. கருவாடு ஏற்ற, இன்று ஏர்வாடிக் கரையில் வண்டியைக் கடல் பக்கமாகப் பின்னால் எடுக்க வேண்டும். நான் வாயைத் திறக்காமல் நின்றால் என்ன என்று தோன்றுகிறது. பயப்படாதே. டெஸ்ட் அன்றும் அப்படி நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.