சைட் த்ரீ யாரென்று தெரிந்துவிட்டது, மச்சான்

மச்சான் ஞானம்,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தா. நீ போய் ஆறு மாதமாகிறது. நீ உயிரோடு இருந்த கடைசி ஏழு மாதமும் நான் உன்னோடு கதைக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு வருசத்துக்கு மேல். இத்தனை நாள் நாங்கள் வாக்குவாதப்படாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கிறதா?

முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கிற லவாலுக்கு மெட்ரோ வந்துவிட்டது. எங்களுடைய காலத்தில் வராது என்று நீ அடித்துச் சொன்னாய். இப்போது றீற்றா வீட்டிலிருந்து நடந்துபோய் அதில் ஏறி டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகிறாள். உன் மனுசி மலர் அந்த ரொக்ஸ்பரோ வீட்டிலேயே இருக்கிறாள். உன் இசைத்தட்டுகளை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு, அவருடைய சாமான் அவருடைய வீட்டில் இருக்கட்டும் என்றுதான் மறுமொழி.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீயும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. பிறகு உன் தங்கை றீற்றாவை நான் கட்டினேன். நீ முதலில் மொன்றியலுக்கு வந்தாய், நாங்கள் உன் பின்னால் வந்தோம். இரண்டு பேருக்கும் பிரித்தானிய ரொக் இசை என்றால் சாப்பாடு தேவையில்லை. ஆனால் ஆளுக்கொரு பாட்டுக் கூட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள். என்னுடையது பேர்மிங்ஹாம், உன்னுடையது லண்டன். அவர்களுடைய பெயரை நாங்கள் சொன்னதே இல்லை. ‘உங்கட லண்டன்காரர்’, ‘உங்கட பேர்மிங்ஹாம்காரர்’ என்போம், ஏதோ சம்பந்தி வீட்டாரைக் குறை சொல்வதுபோல.

என் ஆட்கள் பத்து வினாடிக்குள் பிடரியில் பிடித்துவிடுவார்கள். உன் ஆட்கள் ஏழு நிமிடம் ஓர்கனை உருட்டிவிட்டுத்தான் பாடவே வாயைத் திறப்பார்கள். இதை நான் இருபது வருசம் சொன்னேன். நீயும் சளைக்கவில்லை. ஒரு நத்தார்ச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, பேர்மிங்ஹாம் ட்ரம்ஸ்காரன் கோபத்தில் அடிக்கிறான், லண்டன் ஆள் மற்றவனைக் கேட்டு அடிக்கிறான் என்றாய். அந்த வசனத்துக்கு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

பிறகு இணையம் வந்தது. டவுன்டவுனில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கியூபெக்காரர், இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவதற்கென்றே ஒரு பக்கம் நடத்தினார். இந்த ஊர்க்காரருக்கு இந்த இசையில் எங்களைவிடப் பைத்தியம். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து நாள் முழுக்கச் சண்டை. நான் ஒரு புனைபெயரில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு எதிராக ஒரு ஆள் முளைத்தது. பெயர் சைட் த்ரீ. அது இரட்டை இசைத்தட்டின் மூன்றாம் பக்கம். உன் லண்டன்காரரின் இரட்டைத் தட்டில் மூன்றாம் பக்கத்தைத்தானே நீ தலையில் வைத்துக் கொண்டாடினாய்? அன்றைக்கே எனக்குள் ஏதோ நெருடியது.

ஒருநாள் சைட் த்ரீ உன் ட்ரம்ஸ் வசனத்தை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியது. நெருடல் சந்தேகமானது. நேரங்களைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். கிழமை நாட்களில் மட்டும், மத்தியானம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில். நீ தபாலில் கடிதம் பிரிக்கும் இடத்தில் பின்னேர வேலை. மத்தியானத்தில் வீட்டில் சும்மா இருப்பாய். வேறு என்ன வேண்டும்?

வேண்டும் என்று நினைத்தேன். பொறி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, என் ஆட்களின் நாலாவது தட்டு எனக்கு அலுத்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ ஆச்சரியத்தோடு பார்த்தாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைட் த்ரீ எழுதியது: பேர்மிங்ஹாம் ரசிகர்களுக்கே நாலாவது தட்டு அலுத்துவிட்டதாகக் கேள்வி. அந்த அறையில் நீயும் நானும்தான் இருந்தோம். எனக்கு இனிச் சாட்சி தேவையில்லை.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. சில ஆண்கள் சத்தமான இசையைக் கூட்டி வைப்பது இசைக்காக அல்ல, வீட்டில் இருப்பவர் கதைப்பது காதில் விழக்கூடாது என்பதற்காக என்று எழுதியிருந்தது. மூன்று தரம் வாசித்தேன். றீற்றா என்னைப்பற்றி உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள், நீ அதை ஊருக்கு விற்கிறாய் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவள் உன்னோடு போனில் கதைக்கும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில் பேப்பரைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

உயிர்த்த ஞாயிறு அன்று உன் வீட்டில் சாப்பாடு. பின்வளவில் உன்னைத் தனியே பிடித்துக் கேட்டேன். என்ன கேட்டாலும் ஒரு பகிடி விடுகிற நீ, அன்றைக்கு விடவில்லை.

“நான் அதில எழுதுறேல்லை, மச்சான்.”

அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொன்னேன். நீ கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்தாய்.

“அப்பிடியே எழுதியிருக்கு?”

“ஓம். அப்பிடியே.”

நீ வேலிப் பக்கம் திரும்பினாய். பிறகு, “சரி. நான்தான் எண்டு வைச்சுக்கொள்ளன்,” என்றாய்.

வைத்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். றீற்றாவைச் சாப்பிட்டு முடிக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். காரில் அவள், அண்ணை என்ன சொன்னவர் என்று ஒரு தரம் கேட்டாள். ஒத்துக்கொண்டான் என்றேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு சைட் த்ரீ எழுதவே இல்லை. அதுவும் உனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நீ வீட்டுக்குப் போன் எடுத்தாய். குரல் கேட்டதும் போனை றீற்றாவிடம் நீட்டினேன். இரண்டு தரம், ‘மச்சான், ஒரு நிமிசம்’ என்றாய். அந்த ஒரு நிமிசத்தில் என்ன சொல்ல இருந்தாய்?

முதல் பனி விழுந்த கிழமை, வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாயாம். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர எல்லாம் முடிந்திருந்தது. உன் பெட்டியை நானும் தூக்கினேன். இதை உன்னிடம் மறைத்து என்ன பயன்? தூக்கிக்கொண்டு கோவில் படியிறங்கும்போதும் எனக்குள் அந்தச் சந்தேகம் சாகவில்லை. ஏனடா அப்படி எழுதினாய் என்று பெட்டியைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். யாரோடாவது சண்டை பிடிக்கவேண்டும்போல் இருந்தது. ஆள் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: சைட் த்ரீ என் மனைவியின் தமையன். இங்கே அவர் எழுதிய ஒன்றினால் எங்களுக்குள் கதை நின்றது. இப்போது அவர் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது, மச்சான். ‘அவர் இங்கே ஒரு வரிகூட எழுதியதில்லை. என் எழுத்தை இறந்தவர் மேல் சுமத்தவேண்டாம். சைட் த்ரீ.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மலராக இருக்குமோ என்று நினைத்தேன். உடனே ரொக்ஸ்பரோவுக்குக் காரை எடுத்தேன். உன் கொம்பியூட்டரைப் பார்க்கவேண்டும் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வந்ததே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “அவருக்கு மெயில் திறக்கவே தெரியாது, சேவியர் அண்ணை. ஏதும் பாக்கவேணுமெண்டா மத்தியானத்தில றீற்றாவுக்குப் போன் எடுப்பார். அவதானே தேடிச் சொல்லுறவ.”

அறையில் நீயும் நானும்தான் இருந்தோம் என்றேன் அல்லவா? மூன்று பேர் இருந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் புத்தி உனக்குத் தெரியும்தானே. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ்ஸும் மெட்ரோவுமாக டவுன்டவுனுக்குப் போனேன், சொந்த மனைவியை உளவு பார்க்க. அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் புத்தகம் அடுக்கத் தொடங்கி எட்டு வருசம். நான் அன்றைக்குத்தான் முதல்முதலாக உள்ளே போனேன். வாசலில் இருந்த பிள்ளை ‘போன்ஜூர்’ என்றது. பதில் சொல்லாமல் போனேன்.

இரண்டாம் மாடியில் மூலைக் கொம்பியூட்டரில் இருந்தாள். பக்கத்தில் கடித்த பாண் துண்டு. ஹெட்போன் ஒரு காதில். நிமிர்ந்து பார்த்தாள். திடுக்கிடவில்லை.

“வந்திட்டீங்களே. இருங்கோ, இந்த வரியை முடிக்கிறன்.”

முடித்தாள். கீழே கன்ரீனில் போய் இருந்தோம். ஏன் செய்தாய் என்று கேட்டேன்.

“இருவது வருசமா என்ர வீட்டிலதானே ரெண்டு பேரும் அடிபட்டனீங்கள். நானும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். உனக்கு எது பிடிக்கும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

லண்டன்காரரைத்தான் பிடிக்குமாம். ஒருத்தன் வாசிக்கும்போது மற்றவன் பொறுத்துக்கொண்டு நிற்கிறானாம், அது கேட்கிறதாம். ஆரம்பத்தில் விளையாட்டுக்குத்தான் எழுதினாளாம். அந்த நாலாவது தட்டுப் பொய்யையும் நம்பித்தான் எழுதினாளாம். மற்ற வசனத்தைப்பற்றிக் கேட்டேன். அதை நேரே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “சொன்னனான். எத்தினையோ தரம் சொன்னனான். நீங்கள் பாட்டைக் கூட்டி வைப்பீங்கள். அங்க எழுதினாப் பிறகுதான் உங்களிட்ட இருந்து மறுமொழி வந்தது. பந்தி பந்தியா வந்தது.”

அவள் தொடர்ந்து சொன்னாள். உயிர்த்த ஞாயிறு முடிந்த மறுநாள் நீ அவளுக்குப் போன் எடுத்தாயாம். எழுதினது நீயோ என்று மட்டும் கேட்டாயாம். ஓம் என்றாளாம். நீயாகச் சொல்லுமட்டும் நான் வாய் திறக்கமாட்டேன், ஆனால் கெதியாகச் சொல்லு, அவன் என்னோட கதைக்காமல் இருக்கிறான் என்றாயாம். நத்தாருக்கு முதல் சொல்லிவிடுவதாக அவள் சொன்னாளாம். நீ நத்தார் வரைக்கும் நிற்கவில்லை.

“அண்ணை போனதுக்குப் பிறகு எந்த முகத்தோட சொல்லுறது,” என்றாள். அப்போதுதான் அழுதாள். உன் செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. அங்கே அவள் அடங்கி நின்றதை, உன்னோடு சேர்ந்து என்னைக் குறை சொன்ன வெட்கம் என்று நான் எவ்வளவு நாள் சந்தேகப்பட்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அன்று பின்னேரமே அந்தப் பக்கத்தில் எழுதினேன். உன் பெயரைப் போட்டு, இவர் இங்கே எழுதியதில்லை, நான் வீண்பழி போட்டேன் என்று எழுதினேன். முகம் தெரியாதவர்கள் பிரெஞ்சில் அனுதாபம் சொன்னார்கள். ஒருவர், இறந்தவர் எந்தக் கூட்டத்தின் ரசிகர் என்று கேட்டார். லண்டன் என்று பெருமையாகவே போட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு விளங்கும்.

இப்போது சண்டை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. றீற்றா உன்னைப்போல இல்லை. நீ கொஞ்சம் விட்டுக்கொடுப்பாய், அவள் ஆதாரத்தோடு வருகிறாள். நூலகத்தில் இருப்பவளோடு வாதாடுவது லேசில்லை. சில நாட்களில் பாட்டை விட்டு வேறு கதைகளும் வருகின்றன. அவளுக்கு முழங்கால் நோகிறதாம், இரண்டு வருசமாம். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. பின்வளவில் நான் அந்த வசனத்தைச் சொன்ன உடனே அது றீற்றா என்று உனக்குப் பிடிபட்டுவிட்டது, இல்லையா? போன் எடுத்துக் கேட்டதெல்லாம் பிறகு. ஒரு வசனத்தில் உன் தங்கையின் குரல் உனக்குக் கேட்டது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு ஏன் கேட்கவில்லை? என்னைப் பகைத்தாலும் பரவாயில்லை, அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நின்றாயே, அந்த நேரத்தில் என்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா?

நீ மறுமொழி சொல்லமாட்டாய். அதனால் நான் ஒரு வாக்குத் தருகிறேன். றீற்றா வாயைத் திறந்தால், என் ஆட்கள் எவ்வளவு உச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தாலும், எழும்பிப்போய் ஊசியைத் தூக்குவேன். அவள் சொல்லி முடித்தபிறகுதான் திரும்ப வைப்பேன். சில நாட்களில் அந்தத் தட்டு முடியவே முடியாது என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

உன் தங்கச்சியின் வீட்டுக்காரன்,
உன்மேல் வீண்பழி போட்ட மச்சான்,
சேவியர்